டேப் ஒட்டிய கதவுக்கு வெளியே பத்து நிமிடம்

போன வாரம் எங்கள் பழைய சைட் குரூப்பில் ஒரு படம் வந்தது. ஒரு குளியலறைக் கதவு. நான்கு பக்கமும் நீல நிற மாஸ்கிங் டேப், ஓர் இடுக்கு விடாமல், அழகாக. கீழே ஒரு வரி: 'மணல் பிரச்சினை ஓவர்.' பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். போட்டவள் ஹேமா. என் கடைசி வருடத்தில் என்னோடு ட்ரெய்னியாக இருந்தவள்.

நான் எதுவும் டைப் அடிக்கவில்லை. நேராகப் போன் போட்டேன். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கேட்டேன். ரெண்டு பேர் இருக்கிறார்கள் என்றாள். டேப்பைக் கிழி, மற்றதெல்லாம் அப்புறம் என்றேன். டேப் கிழியும் அந்தப் பர்ரென்ற சத்தம் காதில் விழுகிறவரை போனை வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் கேட்டாள், இது வாடையே வராத டியூப்தானே அக்கா, இதில் என்ன ஆகிவிடும் என்று. அரை மணி நேரம் பேசியும் எனக்குச் சொல்லி முடிக்க வரவில்லை. எழுதிக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் எல்லோரும் படிக்கிறோம் என்றாள். எழுதுகிறேன்.

முப்பத்தோரு வயதில் பணி ஓய்வு என்று சொன்னால் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு வருடம் ஒரே தொழில், அதற்குத் திரும்பப் போவதில்லை என்ற முடிவு, இரண்டும் சேர்ந்தால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. செங்கல்பட்டில் பாலிடெக்னிக், சிவில் டிப்ளமோ. படிப்பு முடிந்த மாதமே கண்ணாடி வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடத்தை மூன்று வரியில் சொல்லிவிடலாம். ஒரு கட்டடத்தில் இத்தனை இடைவெளிகள் இருக்கின்றன என்று கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றையும் அடைக்கும் சிலிகான் மீது எனக்குப் பைத்தியம் பிடித்தது. தரம் பார்க்கும் க்யூசி வேலைக்கு என்னைத் தூக்கிப் போட்டார்கள், நான் தலை கால் புரியாமல் குதித்தேன்.

சிலிகான் தெரியாதவர்களுக்கு: பாத்ரூம் கண்ணாடியும் சுவரும் சேரும் இடத்தில் ரப்பர் போல ஒரு கோடு ஓடுகிறதே, அதுதான். டியூபில் வரும். துப்பாக்கி போன்ற கன்னில் மாட்டி, மூக்கு போன்ற நாசிலைச் சாய்வாக வெட்டி, பிதுக்க வேண்டும். சொல்ல இவ்வளவுதான். செய்ய, யேசுபாதம் அண்ணாவைப் பார்க்க வேண்டும்.

அவர் எங்கள் ஃபோர்மேன். படாளம் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். இவர் பெயின்ட் அடிக்க வந்து, கண்ணாடிக்கு மாறி, இருபது வருடம் ஆகியிருந்தது. சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததில்லை. ஒருவன் தப்பாகப் பிதுக்கினால் பக்கத்தில் போய் நிற்பார், கையை நீட்டுவார், அவன் கன்னைக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு முழுக்க அவனுக்குக் குப்பை அள்ளும் வேலை. எனக்கும் ஒரு தடவை அப்படிக் கையை நீட்டியிருக்கிறார். என்னை 'மேடம்' என்பார், ஆனால் நீ, வா, போ என்றுதான் பேச்சு. எரிச்சல் வந்தால் 'எஞ்சினீரு' ஆகிவிடுவேன்.

அவர் வேலையை எழுத்தில் சொல்லிப் பார்க்கிறேன். முதலில் இடுக்கைத் துடைப்பார், இரண்டு துணியால். ஒன்றில் பெயின்ட் கரைக்கும் தின்னர். இன்னொன்று உலர்ந்தது. தின்னர் தானாகக் காய்வதற்குள் உலர்ந்த துணி அதன் பின்னாலேயே ஓட வேண்டும். காய விட்டால் அழுக்கு அங்கேயே படிந்துவிடும். பிறகு இரு பக்கமும் டேப். பிறகு கன், ஒரே இழுப்பில், மூலை வரை, நடுவில் நிற்காமல். கடைசியாக ஆள்காட்டி விரலை வாயில் வைத்து நனைத்து, கோட்டின் மேல் ஒரு தடவு. கண்ணாடி போல ஆகிவிடும். மறுபடி விரல் வாய்க்குப் போகும். மறுபடி கோடு.

இதற்கென்று பிளாஸ்டிக் கரண்டி போல ஒரு சாமான் இருக்கிறது, நானே வாங்கிக் கொடுத்தேன். சோப்புத் தண்ணீர் கப் வைத்தேன். அவர் அந்தக் கரண்டியால் டீ கலக்கினார். இருபது வருசமா நக்கிகினு கீறேன், இன்னா ஆயிப்போச்சு என்று கேட்டார். என்ன ஆகியிருந்தது என்று அவர் விரல் நுனியைப் பார்த்தாலே தெரியும். வெடித்து, வெளுத்து, ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷின் அவர் விரலை ஏற்றுக்கொள்ளவே இல்லை, அவர் மனைவிதான் போவார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

நான் அவரைத் திருத்த வந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பாதுகாப்பு தெரியும், அவருக்குக் கைப்பழக்கம் மட்டும்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஒரு ரிசார்ட் வேலை வந்தபோது அந்த நினைப்போடுதான் போனேன்.

இருபத்திரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் குளிக்கும் இடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. முன்வரிசையில் ஏற்கெனவே விருந்தினர் தங்கியிருந்தார்கள். பின்வரிசையில் எங்கள் வேலை. முதலில் கொண்டுபோனது பழைய வகை டியூப். காயும்போது புளிச்ச காடி வாடை அடிக்கும். கண்ணில் தண்ணீர் வரும். ஆட்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை முனகிக்கொண்டே வெளியே வந்து, கடல் காற்றில் நின்று, மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போவார்கள். எனக்கு அது நேர விரயமாகத் தெரிந்தது. அந்த வாடைதான் அவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது என்று அப்போது தோன்றவில்லை.

விருந்தினர் வாடை என்று புகார் சொன்னார்கள். ரிசார்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். எனக்கு உடனே பதில் வந்துவிட்டது, அதுதான் என் குணம். நியூட்ரல் என்று ஒரு வகை உண்டு, காடி வாடை வராது. மறுநாளே ஒரு டியூப் வரவழைத்து, அட்டையில் ஒரு கோடு பிதுக்கி மேனேஜர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. டியூப் கம்பெனி கொட்டேஷனோடு எட்டுப் பக்கத்தில் ஒரு பாதுகாப்புத் தாளும் என் போனுக்கு அனுப்பியிருந்தது. திறக்காமலே மேனேஜருக்குத் தள்ளிவிட்டேன்.

ஆட்களை வரிசையாக நிறுத்தி நான் சொன்ன வார்த்தை இது. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

"இதுல வாடையே இல்ல. பயப்படாம உள்ளயே இருந்து வேலை பாருங்க."

பார்த்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு அறை முடித்தவர்கள் நான்கு அறை முடித்தார்கள். நான் அதை ஃபோட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பினேன்.

அடுத்தது மணல். மே மாதம். மதியம் ஆனால் கடலிலிருந்து காற்று ஏறும், மாவு போல மணலைக் கொண்டுவந்து ஈரமான சிலிகானில் ஒட்டிவிட்டுப் போகும். கோட்டின் மேல் விரலை வைத்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். ஒரே நாளில் ஒன்பது அறைகளை நான் ரிஜெக்ட் செய்தேன். ரிஜெக்ட் என்றால் பழையதைக் கத்தியால் அறுத்து, எச்சத்தைத் தின்னரால் தேய்த்து எடுத்து, திரும்பப் போட வேண்டும். மறுநாள் போனால் யேசுபாதம் அண்ணா கதவுகளுக்கு டேப் ஒட்டியிருந்தார். ஆளை உள்ளே விட்டு வெளியிலிருந்து நான்கு பக்கமும் ஒட்டுவது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு விட்டிருந்த ஓட்டையிலும் சிமென்ட் சாக்கைத் திணித்திருந்தார். அன்றைக்குப் போட்ட கோடுகளில் ஒரு மணல் இல்லை. சூப்பர்ணா என்றேன். அந்தச் சொல்லையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்களோடு இருந்தவர் முரளி. புதுப்பட்டினம் பக்கத்துக் குப்பம். நாற்பது வயது இருக்கும். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் ஊருக்கு வந்து கிடைத்த வேலையைப் பார்ப்பார். தடை முடிந்ததும் படகுக்குத் திரும்ப வேண்டும், அவர் இடத்தைப் படகோட்டும் டிரைவர் பிடித்து வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்து மூழ்கிப் பழகியவர், மூச்சைப் பிடிப்பதில் பெருமை. சாப்பாட்டு நேரத்தில் பந்தயம் கட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், மற்றவர்கள் எண்ணுவார்கள், தொண்ணூறைத் தாண்டிக் கண்ணடிப்பார். நான் அவருக்கு முகத்தில் மாட்டும் காகித மாஸ்க் கொடுத்தபோது, கடலுக்குள்ளயே மாஸ்க் போடாதவன் நான் என்று நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டார். பிற்பாடு தெரிந்தது, அந்தக் காகித மாஸ்க் தூசிக்குத்தான். ஆவிக்கு அது முகத்தில் இருந்தாலும் நெற்றியில் இருந்தாலும் ஒன்றுதான்.

அன்று சாப்பாடு முடிந்து பதினேழாம் அறை. நான் ரிஜெக்ட் செய்த அறை. சுவரோரம் புதுக் கோடு போட்டு ஈரமாக இருந்தது. முரளி உள்ளே, மிச்சம் தரையோரமாகப் பழைய சிலிகானைத் தேய்த்து எடுக்கும் வேலை. தரையில் படுத்தால்தான் முடியும். பக்கத்தில் மூடி திறந்த தின்னர் டப்பா. கதவில் டேப்.

மூன்று மணிக்குச் சரிபார்க்கப் போனேன். உள்ளே அவர் போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது. டேப்பைக் கிழித்தால் மணல் உள்ளே போகும், ஈரமான கோடு கெடும், மறுபடி ரிஜெக்ட். முடித்துவிட்டு வரட்டும் என்று பதினெட்டாம் அறைக்குப் போய் டிக் போட்டேன். திரும்பி வந்தேன். பாட்டு ஓடுகிறது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். கதவுக்கு வெளியே நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் எழுதிய எழுத்து இன்னமும் அந்த நோட்டில் இருக்கிறது, அச்சடித்தது போல நேராக.

பாட்டு நின்று போன் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

டேப்பைக் கிழித்துக் கதவைத் தள்ளியபோது முகத்தில் அறைந்த தின்னர் நெடியில் எனக்கே ஒரு நொடி தலை சுற்றியது. முரளி கண்ணாடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது இன்னொன்று. ஒரு கண்ணிமையில் சிலிகான் அப்பியிருந்தது. நான் கத்தியதில் யேசுபாதம் அண்ணா ஓடி வந்தார். இரண்டு பேருமாக அக்குளில் கை கொடுத்துப் பால்கனிக்கு இழுத்தோம். அங்கே மணல் காற்று அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு அப்போது அதைப் போல நல்ல காற்று உலகத்தில் இல்லை.

அண்ணா பாசத்தோடுதான் அடுத்த காரியத்தைச் செய்யப் போனார். கையில் சிலிகான் ஒட்டினால் அவர் எப்போதும் செய்வது அதுதான். தின்னர் துணியை எடுத்து முரளியின் கண்ணைத் துடைக்கக் கொண்டுபோனார். நான் அவர் கையில் ஓங்கி அடித்தேன். அவரை அடித்தது அது ஒரு தடவைதான். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைக் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தேன், ஆம்புலன்ஸ் வரும்வரை. உதிர்ந்ததை மட்டும் உலர்ந்த டிஷ்யூவால் எடுத்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, எதைச் சுவாசித்தார். சிலிகான் என்றேன். எந்த வகை, அதிலிருந்து என்ன ஆவி வரும், வேறு என்ன கலந்திருந்தது. எதற்கும் உடனே பதில் வைத்திருக்கிற நான் போனைத் தோண்டினேன். அந்த எட்டுப் பக்கத் தாளைத் திறந்தேன். அனுப்பிய நாளிலிருந்து முதல் தடவையாக. காய்கிற நேரம் முழுக்க ஆவி வெளியேறும். வாடை குறைவு என்பதால் அளவு தெரியாது. நல்ல காற்றோட்டம் இல்லாத இடத்தில் பயன்படுத்தக் கூடாது. தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரும். நீண்ட நாள் சுவாசித்தால் புற்றுநோய்ச் சந்தேகம் உண்டு. ஒவ்வொரு வரியையும் அவருக்குப் படித்துக் காட்டினேன், தின்னர் டப்பாவையும் சொன்னேன். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், இவர் தரையில்தான் இருந்திருக்கிறார் என்று டாக்டரம்மா சொன்னார். இரண்டில் எது அதிகம் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, முன்பே மூச்சிழுப்பு இருந்ததா என்று கேட்டார்.

இருந்தது என்று பின்னாலிருந்து ஒரு குரல். முரளியின் மனைவி வள்ளி, பஸ் பிடித்து வந்து மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். சின்னப் பையனாக இருந்தபோது வந்தது, படகில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று யாருக்கும் சொல்வதில்லை. என்னைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"கண்ணாடிக்கு கோந்து ஒட்ற வேலைன்னாரே. தடை முடிய பத்தொம்பது நாளு கீது. போட்டுக்குப் போவ முடியுமா, அத்த மட்டும் கேட்டு சொல்லும்மா."

டாக்டரம்மா, பார்க்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லோடு வள்ளி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

விபத்துப் படிவத்தை வராந்தாவில் வைத்துத்தான் நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. யேசுபாதம் அண்ணா எட்டிப் பார்த்தார்.

"மாஸ்க் போடலன்னு எழுது மேடம். டேப் ஒட்னது நான். நான் கையெழுத்து போடறேன். உனக்கு இன்னும் எவ்ளோ வயசு கீது."

எனக்கு அப்படி எழுத ஆசையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிடம் ரொம்ப ஆசையாக இருந்தது. பிறகு எழுதினேன்: பயமில்லை, உள்ளேயே இருங்கள் என்று தரம் பார்ப்பவர் சொன்னார். கீழே என் பெயர். அண்ணா அதைப் படித்துவிட்டு, எஞ்சினீரு என்று மட்டும் சொன்னார். எரிச்சலாகச் சொல்லவில்லை.

ஆபீசில் இப்படியெல்லாமா எழுதுவார்கள் என்று கேட்டார்கள். இரண்டு மாதத்தில் என்னை மேசை வேலைக்கு மாற்றினார்கள்.

மாற்றுவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. மூன்றாம் நாள் முரளி எழுந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்திருந்தார். கண் தப்பிவிட்டது. தலை லேசாகச் சுற்றியபோதே தெரிந்ததாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையை முடித்துவிடலாம் என்று பார்த்தாராம். பிடித்த மூச்சை விட்டதும் வேறு வழியில்லாமல் ஒரு பெரிய மூச்சு, அந்தக் காற்றையே, நெஞ்சு முட்ட. மற்றது ஞாபகம் இல்லை. எதற்கு டேப் ஒட்டினோம் என்று நான் விளக்கப் போனேன், மணல், ரிஜெக்ட் என்று. அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"காலைல நிலத்துக் காத்து மேடம், கடலப் பாத்து போவும். மணலு வராது. பத்து பதினோரு மணிக்கு மேலதான் கடக்காத்து திரும்பும். காத்தால ஆறு மணிக்கு வேலைய ஆரம்பிச்சா கதவ தொறந்து போட்டே முடிச்சிடலாம். என்னைய யாரும் கேக்கலியே."

கேட்கவில்லைதான். காற்றை வைத்துப் பிழைக்கிற மனிதரை உள்ளே தள்ளி, காற்று வராமல் டேப் ஒட்டியிருந்தோம்.

மீதி அறைகளை அவர் சொன்னபடியே முடித்தோம். காலை ஆறிலிருந்து பத்து வரை. கதவு, ஜன்னல், ஃபேன் ஓட்டை எல்லாம் திறந்து, ஒரு ஃபேனை வெளியே பார்த்து ஓட விட்டு. இரண்டு பேராக, ஒருவர் வேலை, ஒருவர் கதவில். இருபது நிமிடம், பிறகு வெளியே, வாடை இருந்தாலும் இல்லாவிட்டாலும். தின்னர் டப்பா உள்ளே போகாது; துணியில் வேண்டிய அளவு நனைத்து எடுத்துப்போவது, துடைத்த துணியை மூடியுள்ள டின்னில் போடுவது. கைக்கு நைட்ரைல் ரப்பர் உறை. யேசுபாதம் அண்ணா சோப்புத் தண்ணீர் கப்புக்கு மாறினார். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான், ஆனால் மாறினார். ஒரு கோட்டிலும் மணல் இல்லை.

நான்தான் பழையபடி ஆக முடியாமல் போனேன். மேசை வேலையிலிருந்து திரும்ப சைட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே போனதும் கதவு, ஜன்னல், உள்ளே யார், எத்தனை நேரம் என்று பார்ப்பேன். வெளியே வந்து பத்து அடி நடந்ததும் திரும்பப் போய்ப் பார்ப்பேன். ஒரு நாளில் நாற்பது அறை பார்க்க வேண்டிய ஆள் ஆறு அறை பார்த்தால் யார் வைத்துக்கொள்வார்கள்? அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். பயந்து ஓடிவிட்டேன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஹேமா, நீ கொஞ்சம் பயத்தோடு இரு. அது உனக்குள் இருந்தால் போதும், டியூபில் வாடையாக இருக்க வேண்டியதில்லை.

முரளி தடை முடிந்த அன்றைக்கே படகில் ஏறிவிட்டார். போக வேண்டாம், இன்னும் ஒரு மாதம் என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்கவில்லை. இன்ஹேலரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, டிரைவருக்குத் தெரியாமல், சட்டைக்குள். ஒவ்வொரு தடவையும் கரை திரும்பியதும் எனக்குப் போன் போடுவார். வள்ளி சொல்லி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். என்ன மீன், எத்தனை நாள், யார் கடலில் யாரோடு சண்டை என்று பேசிக்கொண்டே போவார். நான் ம் ம் என்பேன். பேச்சு என் காதில் ஏறாது. வார்த்தைக்கு நடுவில் இருப்பதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முந்தாநாள் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா மேடம், என் மூச்ச எண்ணிகினு கீறியா?"

ஆமாண்ணா என்றேன்.

"சரி, எண்ணு."

பேசுவதை நிறுத்திவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து மூச்சு விட்டார். பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சீராக இருந்தது. பத்து வரை சீராக இருந்தது. பதினொன்றாவது மூச்சின் கடைசியில், மெல்லிசாக, ஒரு விசில்.

எண்ணுவதை நிறுத்தினேன்.

"எனக்கும் கேக்குது மேடம்," என்றார். "வள்ளிகிட்ட சொல்லாத."